மூன்றாம் கேள்வி

தேவிகுளம்
9-2-1973

அக்காவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. மொழிபெயர்ப்பாளன். தற்காலிகம்.

திட்டத்தின் பெயர் நீளமானது. சுருக்கமாகச் சொன்னால், வறட்சி வருமுன் ஆயத்தமாவது. ஹாலந்திலிருந்து ஒருவர், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், டெல்லியிலிருந்து ஒரு என்ஜினீயர். கிணறு வற்றிய பிறகு லாரியில் தண்ணீர் அனுப்புவது இவர்கள் வேலையில்லை. எந்தக் கிணறு எந்த வாரம் வற்றும் என்று தை மாதத்திலேயே சொல்ல முடியும் என்கிறார்கள். ஆஸ்திரேலியாக்காரர் ஊரில் அப்படித்தான் செய்கிறார்களாம். அதற்கு மலையில் பெய்வதையும் கீழே கிணற்றில் நிற்பதையும் ஒரே நோட்டில் எழுதி வர வேண்டும். மலைக்குத் தேவிகுளம். கீழே, கொழிஞ்சாம்பாறை.

ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக். நம் ஊர்ப் பெயரை அவர் சொல்லும்போது வேறு ஊர் போல இருக்கிறது. அவர் நாட்டில் தண்ணீரை வெளியே தள்ளுவதே பெரிய வேலையாம். அவரிடம் வறட்சிக்கு யோசனை கேட்பது எனக்கும் விசித்திரமாகத்தான் படுகிறது.

மார்ச்சில் அங்கே வருவார்கள். நாற்பது கிணறுகள், நாற்பத்தொரு வீடுகள். உங்களுடையதும் பட்டியலில் இருக்கிறது. அளக்க விடுங்கள்.

மச்சான் இறந்த பிறகு அவருடைய அண்ணன் நஞ்சப்பன் நமக்குச் செய்த ஒரே உதவி, இந்த வேலைக்குத் தந்த சிபாரிசுக் கடிதம். பலித்தது என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கே குளிர். ஜன்னலுக்கு வெளியே தேயிலை. ஒரே உயரத்தில் வெட்டிய பச்சை. அதைப் பார்த்துக்கொண்டு 'வறட்சி' என்ற சொல்லை நாள் முழுவதும் எழுதுகிறேன்.

ஈஸ்வரமூர்த்தி


கொழிஞ்சாம்பாறை
17-2-1973

தம்பி ஈஸ்வரமூர்த்திக்கு அக்கா கமலாத்தாள் எழுதுவது.

வேலை கிடைத்ததில் சந்தோஷம். மற்றதில் இல்லை.

வறட்சிக்கு ஆபீஸ், மழை பெய்கிற ஊரில் எதற்கு? நீயே யோசித்துப் பார். வெள்ளைக்காரர்களுக்கு நம் வெயில் ஆகாது என்பாய். வெயில் ஆகாதவர்களுக்கு வறட்சி மட்டும் எப்படிப் புரியும்?

அடுத்த தோட்டத்துச் சுப்பாத்தாளிடம் சொன்னேன். "ஏனுங்கக்கா, ஓசியில ஆராச்சும் கப்பலேறி வந்து ஊரான் கெணத்த எட்டிப் பாப்பாங்களா? கொண்டுபோறதுக்கு என்னமோ இருக்குதுங்க" என்றாள். நம் கிணற்றில் கொண்டுபோக என்ன இருக்கிறது, இரண்டு ஆமையும் ஒரு ஓட்டை வாளியும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்று வருடம் முன்பு சங்கிலி பிடித்து வந்தவர்களும் சும்மா அளக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். அப்புறம் மேற்குக் காட்டுக்காரருக்கு, உச்சவரம்புக்கு மேல் நிலம் வைத்திருப்பதாக நோட்டீசு வந்தது. அவர் இன்னும் சித்தூர்த் தாலுக்கா ஆபீசுக்கும் வீட்டுக்குமாக நடக்கிறார்.

என் நிலைமை உனக்குத் தெரியும். கிணற்றுப் பத்திரம், உனக்குச் சிபாரிசு எழுதின மச்சாண்டார் பேரில். உன் மச்சான் உயிரோடு இருந்தபோது அண்ணன் தம்பிக்குள் பத்திரம் எதற்கு என்று விட்டுவிட்டார். நாலு நாள் மச்சாண்டார் முறை, நாலு நாள் என் முறை. எல்லாம் வாய்ப்பேச்சு. என் பங்குக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கிணறு இறங்க இறங்க அவர் என்னைப் பார்க்கிற பார்வையும் மாறுகிறது. போன வாரம் மோர் கொடுத்தனுப்பினார். நான் கல்யாணமாகி வந்த பதினான்கு வருடத்தில் அந்த வீட்டு மோர் இந்தச் சாளை வீட்டுக்கு வந்ததில்லை. எருமைக்கு ஊற்றிவிட்டேன்.

உன் கடிதம் வழக்கம்போல் அவருடைய உரக்கடையில்தான் கிடந்தது. தபால்காரர் தோட்டம் வரைக்கும் நடப்பதில்லை. வாங்கும்போது ஒட்டின இடம் ஈரமாக இருந்தது. பனியாகவும் இருக்கலாம். மாசியில் பனி உண்டு.

கமலாத்தாள்


தேவிகுளம்
26-2-1973

அக்காவுக்கு,

படிவத்தின் பிரதி ஒன்று இத்துடன். கேரள சர்க்காரின் மலையாளப் படிவத்திலிருந்து தமிழாக்கியது நான்தான். தமிழ் வீடுகளுக்குத் தமிழில் போக வேண்டும் என்று ஹென்ட்ரிக் பிடிவாதமாகச் சொன்னார்.

மூன்று கேள்விகள். ஆழம். மோட்டார் ஓடும் நேரம். மூன்றாவதை நிதானமாகப் படியுங்கள். உங்களுக்கு அதுதான் முக்கியம். பசை ஈரமாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

இங்கேயும் அதே பார்வைதான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாக்கோபு என்று ஒருவர். தினமும் மழைமானி பார்த்து எழுதும் வேலையை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். "எய்யா, மழை கொறச்சலாப் பதிஞ்சா வேலையையும் கொறச்சுப் போடுவானுவளோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நீரு இல்லம்பீரு. எழுதிக் குடுப்பீரா?" என்றார். என்னால் எழுதிக் கொடுக்க முடியவில்லை.

ஆபீஸில், தமிழன் என்பதால் எனக்குப் பெயர் பாண்டி. ஊரில், சித்தூரிலும் திருவனந்தபுரத்திலும் படித்தவன் என்பதால் மலையாளத்தான். இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

நீங்களாவது என்னைச் சந்தேகப்படாமல் இருக்கலாம்.

ஈஸ்வரமூர்த்தி


கொழிஞ்சாம்பாறை
14-3-1973

தம்பிக்கு,

வந்தார்கள். நீ வரவில்லை. ஜீப்பில் இடமில்லை என்று டிரைவர் சொன்னான். மொழிபெயர்க்கிறவனுக்கு இடமில்லாத ஜீப் என்ன ஜீப் என்று தெரியவில்லை. டெல்லிக்காரர் பேசிய இங்கிலீஷை டிரைவர்தான் எங்களுக்குச் சொன்னான். டிரைவருக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்பது ஆண்டவனுக்கு வெளிச்சம்.

உன் ஹென்ட்ரிக் கிணற்று மேட்டில் குப்புறப் படுத்து நாடாவை இறக்கினார். முதுகெல்லாம் மிளகாய்ப்பழச் சிவப்பு. முப்பத்துநாலு அடியில் தண்ணீர். ஊரே சுற்றி நின்றது. "உள்ள உழுந்துபோட்டா ஆருங்க பதில் சொல்றது?" என்று ஒருவர் கேட்டார். "உழுந்தா உழுகட்டுமுங்க, தண்ணி ரெண்டங்குலம் ஏறும்" என்றாள் சுப்பாத்தாள். அவர் எழுந்து எல்லோருடனும் சேர்ந்து சிரித்தார். எதற்கென்று தெரியாமல் சிரிக்கிறவரை எப்படி நம்புவது?

எனக்கு ஒரு நாடாவும் நோட்டும் கொடுத்து, தினமும் காலையில் அளந்து எழுதி வாரம் ஒரு தடவை தபாலில் போடச் சொன்னார். தலையாட்டினேன்.

மூன்றாவது கேள்வியை நீ சொன்னபடி நிதானமாகப் படித்தேன். எதற்காக அப்படி எழுதினாய் என்று புரிந்தது. இல்லை என்று போட்டேன். இருந்தால்தானே உண்டு என்று எழுதுவதற்கு! ஊரிலும் அப்படியே எழுதச் சொன்னேன். என் பேச்சை யாரும் தட்டவில்லை.

மச்சாண்டார் மட்டும் உண்டு என்று எழுதினார். என் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதுங்க அம்மிணி" என்றார்.

என்ன நல்லது என்று அப்போது கேட்கவில்லை. இரண்டு நாளாக அதே நினைப்பு.

கமலாத்தாள்


தேவிகுளம்
29-3-1973

அக்காவுக்கு,

படிவங்கள் வந்து சேர்ந்தன. நாற்பத்தொன்று. மூன்றாம் கேள்விக்கு மூன்று தாளில் இடம் காலி, நஞ்சப்பனுடையதில் உண்டு, மீதி முப்பத்தேழில் ஒரே பதில். 'அவகாசம் இல்லை.' ஆறாவது தாளில் உங்கள் கையெழுத்து. ஒன்பதாம் வகுப்புவரை பொள்ளாச்சியில் படித்த கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை.

ஏன்?

பங்குக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை என்று எழுதினீர்கள். அந்தக் காகிதத்தை உங்கள் கையில் கொடுத்தேன். உங்கள் பங்கை நீங்களே மறுத்து எழுதியிருக்கிறீர்கள். போதாததற்கு ஊரையும் எழுத வைத்திருக்கிறீர்கள்.

டெல்லி என்ஜினீயர் மகிழ்ச்சியில் இருக்கிறார். பங்கு கேட்பார் இல்லாத கிணறுகளை வறட்சிக் காலத்தில் பொதுக் கிணறுகளாக எடுத்துக்கொள்ளலாம் என்று அறிக்கையில் எழுதிவிட்டார். உங்கள் கிணறு அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு ஒருவர் இருக்கிறார். நஞ்சப்பன். அவர் ஒருவர் மட்டும். பிரதி வில்லேஜ் ஆபீசுக்குப் போய்விட்டது.

உச்சவரம்புப் பயமா? மிரட்டலா? வேறு ஏதாவதா?

ஒன்று கேட்கிறேன். அந்த மோரை எருமைக்குத்தான் ஊற்றினீர்களா?

ஈஸ்வரமூர்த்தி


கொழிஞ்சாம்பாறை
4-4-1973

ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்கு, கமலாத்தாள் எழுதுவது.

நேற்றுக் காலை என் முறையின் முதல் நாள். மோட்டார் போடப் போனேன். மோட்டார் அறையில் புதுப் பூட்டு. மச்சாண்டார் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தாள்.

"ஏனுங்க, சாவி?" என்றேன்.

"என்ன அம்மிணி, நீயே எழுதிக் குடுத்துப்போட்டியே, கெணத்துல பாத்தியம் இல்லீன்னு. கவுருமெண்டு தாளு. நானென்ன பண்ணட்டும்?"

"நான் எப்ப அப்பிடி எழுதுனேன்?"

"உன்ற தம்பி கேட்டான், நீ சொன்னே. நான் எடையில வரலீங்கம்மா."

நான் எழுதியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிணறு சம்பந்தமாகத் தங்களுக்கு அவகாசம் உண்டா என்று கேட்டிருந்தது. அவகாசம் ஏது எனக்கு? மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் காற்றை இழுக்கிறது. மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டும். மாடு, அடுப்பு, களை. இதற்கு நடுவில் வெள்ளைக்காரருக்கு நாடா பிடித்துக்கொண்டு நிற்க நேரம் உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் எழுதுவேன். உண்டு என்றால் வாரா வாரம் வந்து நிற்பார்கள், அதற்குத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்லி எச்சரிக்கிறாய் என்று நினைத்தேன். நான்கு தடவை படித்தேன். நான்கு தடவையும் நேரத்தைத்தான் கேட்டது.

நேரத்தைக் கேட்டுவிட்டுப் பங்கை எடுத்துக்கொள்கிற தாளை எழுதியவர் நீங்கள். உங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் மச்சாண்டார். அவர் ஒருவர்தான் உண்டு என்று எழுதினார். இதை நான் எப்படிச் சேர்த்துப் படிக்கட்டும்? நிதானமாகப் படித்துச் சொல்லுங்கள்.

மிளகாய் வாடுகிறது. இன்று சுப்பாத்தாள் கிணற்றிலிருந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்றினேன்.

கமலாத்தாள்


தேவிகுளம்
9-4-1973

அக்கா,

அவகாசம்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லையே வெகுநேரம் பார்த்தேன். மலையாளத்தில் அதற்கு உரிமை என்று பொருள். எந்த ஆபீசிலும், எந்தத் தாளிலும் அதுதான் பொருள். மலையாளப் படிவத்தில் அந்தச் சொல் இருந்தது. அதைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். தமிழாக்கிவிட்டதாக நினைத்தேன். என் கண்ணுக்கு அது உரிமையாகத்தான் தெரிந்தது. தமிழில் அது வேறு என்று தோன்றவே இல்லை. நமக்கும் அது நேரம்தான், சின்ன வயதிலிருந்து. எப்போது மாறியது என்று தெரியவில்லை.

தவறு என்னுடையது. நஞ்சப்பன் மச்சானுக்கு இதில் பங்கில்லை. தாலுக்கா ஆபீசுக்கு நடந்து நடந்து அவருக்கு மலையாளத்து அவகாசம் தெரியும். பார்த்தார், புரிந்துகொண்டார், பேசாமல் இருந்தார். அவ்வளவுதான். நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். ஜீப்பில் எனக்கு இடமில்லாததற்கும் காரணம் உண்டு. சொந்த ஊர்க்காரன் சொந்தக்காரர் பக்கம் சாய்வான் என்று டெல்லி என்ஜினீயர் விட்டுவிட்டுப் போனார். வந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

ஹென்ட்ரிக்கிடம் சொன்னேன். இப்படி இன்னும் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று கேட்டார். தெரியாது என்றேன். புதுப் படிவம் போக வேண்டும் என்று அவர் எழுதிவிட்டார். ஆனால் என்ஜினீயர் ஒப்பவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு எல்லோருக்கும் மொழி மறந்துவிடும் என்கிறார். நீங்கள் அந்தக் கிணற்றில் இறைத்து வந்ததற்கு ஒரு அத்தாட்சியாவது வேண்டுமாம். ஒரு கிணற்றில் தவறு நிரூபணமானால் மற்ற முப்பத்தாறும் திரும்பக் கேட்கப்படும்.

உங்கள் நோட்டு உதவும் என்று ஹென்ட்ரிக் நினைத்தார். இரண்டு பேர் முறை வைத்து இறைத்தால் எண்களில் அது தெரியுமாம். நீங்கள் அனுப்பிய தாள்களை எடுத்தார். முப்பத்துநாலு. முப்பத்துநாலு. முப்பத்துநாலு. மூன்று வாரமும் அதே எண். இந்த ஒரு கிணற்றுக்கு மட்டும் கோடை வரவில்லையா என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள்.

ஈஸ்வரமூர்த்தி


கொழிஞ்சாம்பாறை
14-4-1973

தம்பிக்கு,

இன்று வருடப் பிறப்பு. பொய் சொல்லக்கூடாத நாள் என்பதால் எழுதுகிறேன்.

முப்பத்துநாலு பொய். முதல் நாள் அவர் அளந்தது மட்டும் நிஜம். அதையே திரும்பத் திரும்ப எழுதி அனுப்பினேன். என் கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்று கடல் தாண்டி ஒருவருக்கு ஏன் தெரிய வேண்டும்?

ஆனால் பூட்டு விழும்வரை தினமும் அளந்தேன். அளந்தது எல்லாம் மோட்டார் அறைச் சுவரில் இருக்கிறது. முறை மாறுகிற அன்று அந்தச் சுவரில் கோடு போடுவது இந்தக் கிணற்று வழக்கம். முடித்தவர் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். அடுத்தவர் பார்த்துவிட்டு மோட்டார் போட வேண்டும். என் கோடு கரி. மச்சாண்டார் கோடு காவி. உன் மச்சான் போனதிலிருந்து மூன்று வருடக் கோடுகள் வரிசையாக இருக்கின்றன. கரி, காவி, கரி, காவி. நான் இறைக்கவில்லை என்றால் அவர் ஏன் நாலு நாள் ஆனதும் தன் கையால் ஒரு கோடு போட்டு நிறுத்த வேண்டும்? மார்ச்சிலிருந்து கரிக் கோட்டுக்குக் கீழே அடியும் அங்குலமும் எழுதியிருக்கிறேன்.

அந்த அறைக்குத்தான் பூட்டு.

நீ எழுதியது எல்லாம் நிஜமாக இருக்கலாம். ஒரு சொல் ஒரு மனிதனுக்குள் தெரியாமல் மாறிவிடும் என்பதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. கடையில் உன் கடிதத்தை வாங்கும்போது பசை விரலில் ஒட்டியது. சித்திரையில் பனி கிடையாது. அதையும் தெரிந்துகொள்.

பூட்டைத் திறக்கச் சொல்ல உன் ஹென்ட்ரிக்குக்கு அவகாசம் உண்டா? உன் மொழியில்தான் கேட்கிறேன்.

கமலாத்தாள்


தேவிகுளம்
19-4-1973

அக்காவுக்கு,

மோட்டார் அறைச் சுவரைப் பார்க்க ஹென்ட்ரிக்கும் நானும் வில்லேஜ் ஆபீசரும் 26ஆம் தேதி வியாழக்கிழமை காலை வருகிறோம். பூட்டுக்கு உரியவருக்கு முன்தகவல் தர வேண்டும் என்று வில்லேஜ் ஆபீசர் சொல்கிறார். இக்கடிதமே தகவல். நஞ்சப்பன் மச்சானிடம் காட்டுங்கள்.

வியாழக்கிழமை. மறக்க வேண்டாம்.

என் வேலை முப்பதாம் தேதியோடு முடிகிறது. தற்காலிகம் என்ற சொல்லுக்கு இரண்டு மொழியிலும் ஒரே பொருள்தான்.

ஈஸ்வரமூர்த்தி


கொழிஞ்சாம்பாறை
6-5-1973

தம்பிக்கு,

வேலை முடிந்தும் ஊருக்கு வராமல் யாக்கோபு வீட்டில் தங்கியிருக்கிறாய் என்று ஜீப் டிரைவர் சொன்னான். அந்த விலாசத்துக்கு எழுதுகிறேன்.

வியாழன் என்று எழுதினாய். புதன்கிழமை மத்தியானம் ஜீப் வந்து நின்றது. நீ என்னைப் பார்க்கவில்லை. நேரே மோட்டார் அறைக்கு ஓடினாய். கதவு திறந்து கிடந்தது. உள்ளே மச்சாண்டார், ஒரு கையில் வாளி, மறு கையில் சுண்ணாம்பு மட்டை.

"வருசப் பொறப்புக்கு வெள்ளையடிக்கிறேனுங்" என்றார் வில்லேஜ் ஆபீசரிடம்.

"வருசம் பொறந்து பன்னெண்டு நாளாச்சுங்களே" என்றேன். யாருக்கும் சிரிக்க நேரமில்லை.

சுவர் முழுவதும் ஈரம். எல்லாம் போயிற்று என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹென்ட்ரிக் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உன்னிடம் கத்தினார். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்வரை உள்ளே இருப்பதைக் காட்டும், காய்ந்தால்தான் மறைக்கும். அது அவருக்கு எப்படித் தெரியுமோ. அவர் நாட்டிலும் சுவருக்குச் சுண்ணாம்புதான் அடிப்பார்கள் போல. காமிராவுக்கு வெளிச்சம் போதவில்லை. வில்லேஜ் ஆபீசர் விளக்குப் பிடித்தார். நீ படித்தாய். அவர் எழுதினார். கரி, முப்பத்தெட்டு அடி. காவி. கரி, நாற்பது அடி நாலு அங்குலம். காவி. கீழ் வரிக்கு வருவதற்குள் மேல் வரி வெளுத்துவிட்டது. நீ இன்னும் வேகமாகப் படித்தாய். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வில்லேஜ் ஆபீசர் கையெழுத்துப் போட்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். ஜீப் போக வேண்டும் என்றாய்.

அன்றிலிருந்து ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். வியாழன் என்று எழுதியது யாருக்கு? கடையில் பிரித்துப் படிக்கிறவருக்கா, எனக்கா? நானும் சொல்லிவிடுவேன் என்று நினைத்தாயா? முப்பத்துநாலு முப்பத்துநாலு என்று எழுதிய அக்காவை நினைத்திருந்தால் தப்பில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

புதுப் படிவம் போன வாரம் வந்தது. முப்பத்தேழு வீட்டுக்கும். மூன்றாம் கேள்வி: கிணற்றில் உங்களுக்குப் பங்கு உண்டா? சுப்பாத்தாள் என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். "பங்குன்னா பங்குதானுங்களே? வேற ஒண்ணுமில்லீங்களே?" என்றாள். பங்கு என்றால் பங்குதான் என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். நான் உண்டு என்று எழுதினேன். மோட்டார் அறைக்கு இப்போது இரண்டு சாவி. ஒன்று என் இடுப்பில். மச்சாண்டார் பேசுவதில்லை. மோரும் வருவதில்லை.

சுவர் எண்களை வைத்து ஹென்ட்ரிக் சொல்லி அனுப்பியிருக்கிறார், வைகாசி பத்துக்கு மேல் எங்கள் கிணறு தாங்காது என்று. பாதித் தோட்டத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, மீதி மிளகாய்க்கு மட்டும் பாய்ச்சுகிறேன். அவர் சொன்னது பொய்யானால் ஹாலந்துக்கு நீதான் கடிதம் எழுத வேண்டும்.

ஊருக்கு வா. உனக்கு இந்த வீட்டில் அவகாசம் உண்டு. எந்த மொழியில் வேண்டுமானாலும் படித்துக்கொள்.

இன்று காலை நாற்பத்தேழு அடி மூன்று அங்குலம். இரண்டு தடவை அளந்தேன். நோட்டிலும் இதைத்தான் எழுதியிருக்கிறேன்.

அக்கா